பத்து டாலர் நோட்டுக்கு 90 டாலரா, 3,000 டாலரா? நேஷனல் பேங்க் நோட்டுகள் பற்றி ஓர் இழை

ஜனவரி 11 — வந்த கேள்வி

"பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்றார்கள். நான் வாங்கிய பழைய ஆல்பத்துக்குள் பெரிய சைஸில் ஒரு பத்து டாலர் நோட்டு இருந்தது. மேலே 'நேஷனல் கரன்சி' என்று போட்டிருக்கிறது. தொடர் 1902, நீல முத்திரை, இடது பக்கம் மெக்கின்லி படம். பென்சில்வேனியாவில் ஏதோ ஒரு சின்ன ஊர் பேங்கின் பெயர். ஒரு தளத்தில் இதே நோட்டு 90 டாலர், இன்னொரு தளத்தில் 3,000 டாலர். நூற்றிருபது வருஷப் பழசு. எது சரி?"

ஜனவரி 11, இரவு

இரண்டும் சரியாக இருக்கலாம். வருஷம், நிறம், படம் எல்லாம் சொன்னீர்கள். ஊர் பெயரைச் சொல்லவில்லை. இந்த வகை நோட்டில் விலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

பின்னணி தெரியாமல் இது புரியாது. 1863 பிப்ரவரியில், உள்நாட்டுப் போர் நடக்கும்போதே, லிங்கன் அரசு ஒரு சட்டம் போட்டது. அதுவரை பெரும்பாலும் நோட்டு அடித்தது மாநில அரசிடம் அனுமதி வாங்கிய பேங்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிசைன். எது நல்லது, எது போலி, எந்த பேங்க் திவால் என்று பார்க்கக் கடைக்காரர்கள் கையேடு வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தார்கள். புதுச் சட்டப்படி, ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து மூலதனம் போட்டு வாஷிங்டனில் சார்ட்டர், அதாவது பேங்க் நடத்த மத்திய அரசின் அனுமதி, வாங்கலாம். அரசுக் கடன் பத்திரம் வாங்கிக் கருவூலத்தில் ஈடாக வைத்தால், அதில் 90 சதவீதம் வரைக்கும் பேங்க் பெயரிலேயே நோட்டு கிடைக்கும். 1900-க்குப் பிறகு அது 100 சதவீதம் ஆனது. அரசுக்குப் போர்ச் செலவுக்குக் கடன் கிடைத்தது, பேங்குக்கு வட்டியும் நோட்டும் கிடைத்தன. மாநில பேங்க் நோட்டுகள் மேல் 10 சதவீத வரி போட்டு அவற்றை ஒழித்தும் விட்டார்கள்.

1935 வரை இது ஓடியது. 14,000-க்கு மேல் சார்ட்டர் கொடுக்கப்பட்டது, அதில் 12,000-க்கு மேற்பட்ட பேங்குகள் நோட்டு வெளியிட்டன. ஒரே தொடரில், ஒரே மதிப்பில் டிசைன் ஒன்றே, பேங்க் பெயரும் ஊரும் மட்டும் மாறும். அதனால் '1902 பத்து டாலர்' என்று நீங்கள் தேடினால் ஆயிரக்கணக்கான வேறு வேறு நோட்டுகளைத் தேடுகிறீர்கள். 90 டாலர் நோட்டும் 3,000 டாலர் நோட்டும் பார்க்க அச்சு அசல் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஜனவரி 12

'நூற்றிருபது வருஷப் பழசு' என்பதை நேற்று விட்டுவிட்டேன். அது பெரும்பாலும் தப்பு.

1902 என்பது டிசைன் தொடரின் வருஷம். அதே முகம் 1929 வரை அச்சானது. முத்திரை சிவப்பாக இருந்தால் 1902 முதல் 1908 வரை. நீலமாக இருந்து, பின்பக்கம் 1902, 1908 என்று இரண்டு வருஷமும் போட்டிருந்தால் 1908-க்குப் பிறகு சில வருஷங்கள். நீலமாக இருந்து பின்பக்கம் வருஷமே இல்லையென்றால் அதற்கும் பிறகு, 1929 வரை எப்போது வேண்டுமானாலும். கடைசி வகைதான் மிக அதிகம்.

நடுவில் ஆல்டிரிச்–வ்ரீலண்ட் சட்டம் வந்தது. 1907-இல் நியூயார்க்கில் பேங்குகள் முன் மக்கள் வரிசை கட்டி நின்ற பீதிக்குப் பிறகு, 1908 மே மாதம். அரசுப் பத்திரம் தவிர வேறு சில ஈடுகளையும் வைத்து அவசரத்துக்கு நோட்டு அடிக்கலாம் என்றது. நோட்டின் முகத்தில் 'அல்லது பிற ஈடுகள்' என்ற சொற்கள் நுழைந்ததும், பின்பக்கம் இரட்டை வருஷம் ஏறியதும் அதனால்தான். சட்டம் காலாவதியானதும் பின்பக்க வருஷம் போய்விட்டது.

முகத்தில் சாய்வெழுத்தில் இன்னொரு தேதி இருக்குமே, அது? அதுவும் அச்சான தேதி கிடையாது. பேங்குக்குச் சார்ட்டர் கிடைத்த அல்லது புதுப்பித்த காலத்தை ஒட்டிய தேதி. 1905 என்று தேதி போட்ட நோட்டு 1926-இல் அச்சாகியிருக்கலாம்.

ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

ஒருவர் கேட்கிறார்: 'கருவூல அதிகாரிகள் கையெழுத்தை வைத்து வருஷம் கண்டுபிடிக்கலாமே?' மற்ற அமெரிக்க நோட்டுகளில் ஆம். இதில் முடியாது. ரெஜிஸ்டர், ட்ரெஷரர் இருவர் கையெழுத்தும் அச்சுத் தகட்டிலேயே பொறிக்கப்பட்டவை. அந்த பேங்குக்குத் தகடு செய்யும்போது யார் பதவியில் இருந்தாரோ அவர் பெயர். தகடு இருபது வருஷம் ஓடினால் பதவி போனவரும் இருபது வருஷம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

ஜனவரி 13

'இன்றும் செல்லுமா' என்று கேட்டவருக்கு: செல்லும். பத்து டாலருக்கு. பெட்ரோல் பங்கில் கொடுத்துப் பார்த்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள், அது வேறு விஷயம்.

ஜனவரி 14

சார்ட்டர் எண் பற்றி.

ஒவ்வொரு பேங்குக்கும் வரிசையாக ஓர் எண். 1-ஆம் எண் ஃபிலடெல்ஃபியாவின் ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க். முதலில் கதவைத் திறந்து வியாபாரம் தொடங்கியது அயோவா மாநிலம் டேவன்போர்ட்டில் இருந்த பேங்க், அதற்கு எண் 15. தொடக்ககால நோட்டுகளில் பெரும்பாலும் இந்த எண்ணே இருக்காது. அழுக்கு நோட்டுகளை வாஷிங்டனில் பேங்க் வாரியாகப் பிரித்து எடுப்பது பெரும்பாடாக இருந்ததால், எண்ணை நோட்டிலேயே அச்சடிக்க வேண்டும் என்று 1874-இல் சட்டம் வந்தது. 1882 தொடரில் ஓரச் சட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பொறித்துவிட்டார்கள். அதன் பழுப்புப் பின்பக்கத்தில் எண்ணே நட்ட நடுவில், அலங்காரமாக, பெரிதாக இருக்கும். என்னைக் கேட்டால் அமெரிக்கா அடித்ததிலேயே அழகான பின்பக்கம் அதுதான்.

பெயரை நம்ப வேண்டாம், எண்ணை நம்புங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஊரில் ஒரு 'ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்' மூடி, பத்து வருஷம் கழித்து வேறு ஆட்கள் அதே பெயரில் இன்னொன்று தொடங்குவார்கள். முதலாவது கொஞ்சம்தான் நோட்டு வெளியிட்டிருக்கும், இரண்டாவது வண்டி வண்டியாக. பெயரை மட்டும் பார்த்து விலை சொல்பவர் ஒன்றின் விலையை இன்னொன்றுக்குச் சொல்லிவிடுவார். அப்படி ஒரு நோட்டு கடைக்காரரின் பெட்டியில் சும்மா கிடந்து என் கைக்கு வந்தது. எண்ணைப் பார்த்து வாங்கினேன். அவர் பெயரைப் பார்த்து விற்றார். எனக்கு இன்றும் அதில் வருத்தம் இல்லை.

இன்னும் சொல்ல வேண்டியது: அந்த 1874 சட்டத்துக்கு முந்தைய நோட்டானால், எண் இல்லையே என்று அதைப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஜனவரி 15

சிகாகோ நோட்டுப் படம் போட்டவருக்கு. வருத்தமான செய்தி. உங்களுடையது நேஷனல் பேங்க் நோட்டே இல்லை.

1929 தொடர், சின்ன சைஸ், பழுப்பு முத்திரை, மேலே 'நேஷனல் கரன்சி'. எல்லாம் பொருந்துகிறது. ஆனால் பேங்க் பெயரைப் படியுங்கள்: 'ஃபெடரல் ரிசர்வ் பேங்க் ஆஃப் சிகாகோ'. அது ஊர்க்காரர்கள் தொடங்கிய பேங்க் இல்லை, அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் வட்டார பேங்க். சார்ட்டர் எண் எங்கே? இல்லை. அந்த இடத்தில் தடிமனாக ஒற்றை எழுத்து இருக்கிறது பாருங்கள். வலது கீழே பேங்க் பிரசிடென்ட் கையெழுத்துக்குப் பதில் கவர்னர் கையெழுத்து.

1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் பதவியேற்றதும் நாடு முழுக்க பேங்குகளை மூடி விடுமுறை விட்டார். திறக்கும்போது மக்கள் பணத்தை அள்ளிக்கொண்டு போவார்கள் என்ற பயம். அவசரத்துக்குப் புது டிசைன் செய்ய நேரமில்லாமல் நேஷனல் பேங்க் நோட்டுக்கு வைத்திருந்த அச்சையே எடுத்து, பெயரையும் பதவியையும் மாற்றி அடித்துவிட்டார்கள். அதனால்தான் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. ஏல தளங்களில் பாதிப் பேர் இதை 'அரிய நேஷனல்' என்று போட்டு விற்கிறார்கள். தெரிந்தே போடுகிறார்களா என்று நான் கேட்கப் போவதில்லை.

மதிப்பு இல்லாமல் இல்லை. சில நகரங்களின் சில மதிப்புகள் நல்ல விலை போகும். சிகாகோ அதில் சேராது.

ஜனவரி 15, இரவு

அதே ஆள்: 'சிகாகோவில் நேஷனல் பேங்கே இல்லையா?' இருந்தது, நிறைய. ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க் ஆஃப் சிகாகோவின் சார்ட்டர் எண் 8. எண் சின்னது, அதனால் அபூர்வம் என்று பாய வேண்டாம். அது பெரிய பேங்க், நோட்டு ஏராளம்.

ஜனவரி 17

பெரிய பேங்க் என்றதும் நினைவுக்கு வருகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் 'பேங்க் ஆஃப் அமெரிக்கா நேஷனல் ட்ரஸ்ட் அண்டு சேவிங்ஸ் அசோசியேஷன்', எண் 13044. சேகரிப்பில் கால் வைக்கும் யாருக்கும் முதலில் கையில் விழுவது இந்த நோட்டாகத்தான் இருக்கும். 1929 தொடரில் அவ்வளவு அடித்திருக்கிறார்கள். எங்கள் பிட்ஸ்பர்க் பக்கம் அந்த இடம் மெலன் நேஷனல் பேங்குக்கு, எண் 6301. என் கோப்பில் மெலன் நோட்டு எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். அழகாக இருக்கும், தேவைப்பட்டால் உடனே விற்கும், அதற்காக யாரும் சண்டை போட மாட்டார்கள்.

அதே மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நடுவில் இரண்டு தெரு, ஒரு தேவாலயம், ஒரு பேங்க் உள்ள ஊர் இருக்கும். 1900-ஆம் வருஷச் சட்டம், 3,000 பேருக்கு மிகாத ஊரில் 25,000 டாலர் மூலதனம் இருந்தாலே நேஷனல் பேங்க் தொடங்கலாம் என்றது. முன்பு அதில் இரண்டு மடங்கு வேண்டும். உடனே ஊருக்கு ஊர் முளைத்தது. பென்சில்வேனியாவில்தான் மற்ற எல்லா மாநிலங்களையும் விட அதிக பேங்க். சுரங்கம் மூடியதும் பல பேங்குகளும் போயின. கேள்வி கேட்டவரின் நோட்டு இந்த வகையாக இருந்தால்தான் 3,000 டாலர் பேச்சுக்கே இடம்.

ஜனவரி 17, பின்குறிப்பு

மெலன் என்றதும் ஒருவர், தன் நோட்டில் நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலனின் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்கிறார். நிதியமைச்சர் என்ற முறையில் இருக்காது. 1928 தொடரின் சாதாரண நோட்டுகளில் அவர் கையெழுத்து உண்டு. நேஷனல் பேங்க் நோட்டில் அரசுத் தரப்பில் ரெஜிஸ்டரும் ட்ரெஷரரும்தான். 1929 தொடர் முழுவதும் ஜோன்ஸ், வுட்ஸ் என்ற இருவர்.

ஆனால் பொறுங்கள். 1921-இல் அமைச்சராகும் வரை அவர் அந்த பேங்கின் பிரசிடென்ட். அதனால் மெலன் நேஷனல் பேங்கின் பெரிய சைஸ் நோட்டு என்றால் வலது கீழ் மூலையைப் பார்ப்பதில் தப்பில்லை.

ஜனவரி 19

கீழே இருக்கும் இரண்டு கையெழுத்துகள், கேஷியர், பிரசிடென்ட். நான் இந்த நோட்டுகளில் சிக்கியதே இவற்றால்.

பெரிய சைஸ் நோட்டுகள் வாஷிங்டனிலிருந்து தாளாகத்தான் போகும், வழக்கமாக நான்கு நோட்டு ஒரு தாளில். பேங்கில் கேஷியரும் பிரசிடென்ட்டும் உட்கார்ந்து பேனாவால் கையெழுத்துப் போட்டு, கத்தரித்து, கவுண்டருக்கு அனுப்புவார்கள். கேஷியர் என்றால் இன்றைக்குக் கவுண்டரில் பணம் எண்ணுபவர் என்று நினைக்காதீர்கள். பேங்கை நடத்துகிறவரே அவர்தான். சின்ன பேங்கில் பிரசிடென்ட் மரக்கடையோ மாவு மில்லோ வைத்திருப்பவராக இருப்பார், வாரம் ஒருமுறை வந்து போவார். சிலர் சலித்துப்போய் ரப்பர் ஸ்டாம்பு வாங்கிவிட்டார்கள். அந்த ஊதா மை வெளுத்துப்போய், இன்று பல நோட்டுகளில் கையெழுத்து இருக்கும் இடம் வெறுமையாகத் தெரியும்.

ஓரம் கோணலாக வெட்டப்பட்ட நோட்டைப் பார்த்தால் எனக்குப் பிடிக்கும். கிரேடிங் செய்பவர்களுக்கு, அதாவது நோட்டின் நிலைக்கு மதிப்பெண் போடுபவர்களுக்கு, பிடிக்காது. பேங்கில் யாரோ அவசரமாகக் கத்தரி போட்டது அது. மேல் ஓரத்தில் பக்கத்து நோட்டின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

பேனா கையெழுத்து தெளிவாக இருந்தால் விலை ஏறும். பெண் கேஷியர், பெண் பிரசிடென்ட் கையெழுத்துகளை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நோட்டு சாதாரண ஊராக இருந்தாலும் கூடுதலாகப் போகும். வெளுத்த கையெழுத்தின் மேல் இன்றைய பேனாவால் எழுதி 'சரிசெய்து' விற்பவர்களும் இருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள். புது மை நார்களின் மேல் உட்கார்ந்திருக்கும், பழைய மை காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்பேறியிருக்கும்.

1929 தொடரில் இந்த வேலையெல்லாம் போய்விட்டது. பேங்க் அதிகாரிகள் கையெழுத்தையும் வாஷிங்டனிலேயே கறுப்பில் அச்சடித்துவிட்டார்கள்.

ஜனவரி 20

1929 தொடரில் டைப் 1, டைப் 2 என்ன என்று கேட்டவருக்கு, சுருக்கமாக. சார்ட்டர் எண் கறுப்பில் மட்டும் இருந்தால் டைப் 1. அதோடு சீரியல் எண்ணுக்குப் பக்கத்திலும் பழுப்பில் இருந்தால் டைப் 2. மாற்றம் 1933-இல். டைப் 1-இல் ஒரு தாளின் ஆறு நோட்டுக்கும் ஒரே எண், முன் எழுத்து மட்டும் மாறும். டைப் 2-இல் எண் தொடர்ச்சியாகப் போகும். சில பேங்குகளில் டைப் 2 மிகச் சொற்பம், ஏனென்றால் 1933-இல் மூடியவை பல திறக்கவே இல்லை, திறந்தவற்றில் சில வேறு பெயரில், வேறு எண்ணில் திறந்தன.

ஜனவரி 22

விலையைப் பற்றி நானே முன்னால் கொஞ்சம் எளிதாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஊர் சின்னது, நோட்டு அரிது, அதனால் விலை அதிகம் என்பது பாதிதான்.

முதலில், 'எத்தனை அடித்தார்கள்' என்பதும் 'எத்தனை மிச்சம்' என்பதும் வேறு. இந்த நோட்டுகளுக்கு அரசுப் பத்திர ஈடு இருந்ததால், பேங்க் திவாலானாலும் நோட்டுக்கு முழுப் பணம் கிடைத்தது. யாருக்கும் நஷ்டமில்லை, எனவே யாரும் ஞாபகமாக எடுத்து வைக்கவும் இல்லை. அழுக்கானது வாஷிங்டனுக்குத் திரும்பிப் போய் அழிக்கப்பட்டது. மிச்சம் இருப்பவை பீரோவுக்குள், புத்தகத்துக்குள், உங்களுடையது மாதிரி ஆல்பத்துக்குள் மறந்துபோனவை. அதில் கணக்கும் இல்லை, நியாயமும் இல்லை. பெரிதாக வெளியிட்ட பேங்கின் நோட்டு இன்று இரண்டே கிடைக்கும். சிறியதாக வெளியிட்ட பேங்கின் நோட்டு ஒரே குடும்பத்தின் கட்டாக முப்பது வெளியே வரும். வந்த அன்றே அந்த ஊரின் விலை விழும்.

இரண்டாவது, வாங்க ஆள் வேண்டும். இதுதான் பலருக்குப் புரிவதில்லை. பெரும்பாலான சேகரிப்பாளர்கள் தங்கள் மாநிலம், தங்கள் கவுண்டி (மாவட்டம்), தாத்தா பிறந்த ஊர் என்று சேர்ப்பவர்கள். நான்கே நோட்டு தெரிந்த ஊர், ஆனால் அந்தக் கவுண்டியைச் சேர்ப்பவர் இருவர், இருவரிடமும் ஏற்கெனவே இருக்கிறது என்றால் உங்கள் அரிய நோட்டு ஏலத்தில் சோர்ந்து கிடக்கும். மூன்றாவதாக ஒருவர் அந்த மாதம் சேர்க்கத் தொடங்கினால் விலை இரட்டிப்பாகும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரே நோட்டு ஒரு ஏலத்தில் விலை போகாமல் திரும்பி, அடுத்ததில் எதிர்பார்ப்பைத் தாண்டிப் போனது. நோட்டில் எதுவும் மாறவில்லை.

எல்லோருக்கும் வேண்டிய இடங்கள் தனி. மாநிலமாவதற்கு முந்தைய பிரதேச நோட்டுகள்: டகோட்டா பிரதேசத்தில் டெட்வுட், அலாஸ்காவில் ஜூனோ (எண் 5117), ஹவாயில் ஹோனலூலு (எண் 5550). போர்ட்டோ ரிக்கோவின் சான் வானில்கூட ஒன்று இருந்தது, எண் 6484. கலிஃபோர்னியாவின் தங்க பேங்க் நோட்டுகள், மஞ்சள் சாயம் ஏறிய காகிதம், தங்க நாணயமாகவே மாற்றித் தருவோம் என்ற உறுதியோடு. இவற்றுக்கு நாடு முழுவதும் ஆள் உண்டு, விலையும் அப்படி. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

ஊர் பெயருக்காகவே வாங்குகிறவர்களும் உண்டு. பென்சில்வேனியாவில் ஆமிஷ் மக்கள் வாழும் இன்டர்கோர்ஸ் என்ற ஊரின் நோட்டு ஏன் விலை அதிகம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஜனவரி 23

விலைப் பட்டியல் புத்தகத்தில் பார்த்தால் போதாதா? போதாது. வகைக்கு ஒரு விலை போட்டிருப்பார்கள், அது மிகச் சாதாரண பேங்குக்கான விலை. அதைத் தரையாக வைத்துக்கொள்ளலாம். கூரையை ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பதிவுகளில் தேடுங்கள்: ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் இரண்டின் பதிவுகளும் இணையத்தில் இருக்கின்றன. சார்ட்டர் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், பெயரைப் போட்டு வேண்டாம். பேங்கின் கதைக்குக் காகிதப் பணச் சேகரிப்பாளர் சங்கத்தின் தளத்தில் பேங்க் வாரியாகப் பக்கங்கள் உண்டு, கேஷியர், பிரசிடென்ட் பெயர்களோடு. கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். யார் வேண்டுமானாலும் 3,000 கேட்கலாம்.

ஜனவரி 26

படம் அனுப்பியிருக்கிறார். ஊர் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்கிறார், சரி. மற்றதைப் படிக்கலாம்.

முகத்தில் 1907 தேதி. கருவூல அதிகாரிகள் வெர்னன், ட்ரீட் கையெழுத்து, அந்த வருஷத்துக்குப் பொருந்துகிறது. பின்பக்கம் வருஷம் இல்லை, எனவே கடைசி வகை. இப்போது சீரியல் எண்களைப் பாருங்கள். மேலே வலதுபுறமும் கீழே இடதுபுறமும் ஒரே எண். வழக்கமாகப் பெரிய சைஸில் இரண்டும் வேறு வேறாக இருக்கும், ஒன்று கருவூல எண், மற்றது பேங்கின் எண். 1925 ஆகஸ்டில் கருவூல எண்ணை நிறுத்திவிட்டு பேங்க் எண்ணையே இரண்டு இடத்திலும் போட்டார்கள். சார்ட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் பிராந்தியத்தைக் குறிக்கும் எழுத்தும் இல்லை. அதை 1924-இல் நிறுத்தினார்கள். எல்லாம் ஒத்துப்போகிறது: 1907 தேதியிட்ட இந்த நோட்டு 1925-க்கும் 1929-க்கும் நடுவில் அச்சானது. நூற்றிருபது வருஷம் இல்லை, ஒரு நூறு.

நிலை: நடுவில் ஒரு மடிப்பு, குறுக்கே இரண்டு, மூலை ஒன்று மழுங்கல், மெக்கின்லியின் நெற்றிக்கு மேல் ஊசித் துளை. கேஷியர் கையெழுத்து பேனாவில், தெளிவு. பிரசிடென்ட் கையெழுத்து ஸ்டாம்பு, பாதி போய்விட்டது. கறையைப் போக்க யாரும் கழுவவில்லை, இஸ்திரி போடவில்லை. கழுவியிருந்தால் காகிதம் வெள்ளை வெளேர் என்று உயிரில்லாமல் இருக்கும். இதில் பட்டு இழைகள் சிவப்பும் நீலமுமாக நன்றாகத் தெரிகின்றன.

சார்ட்டர் எண்ணைப் பழைய விற்பனைகளில் தேடினேன். அந்த பேங்கின் பெரிய சைஸ் நோட்டுகள் அவ்வப்போது வருகின்றன. சில நூறு டாலர். 90 இல்லை, 3,000-மும் இல்லை. அந்த 3,000 எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். அதே பேங்கின் சிவப்பு முத்திரை நோட்டு. அது வேறு கதை, அந்த பேங்க் தொடங்கிய முதல் வருஷம் மட்டும் வெளியானது.

ஜனவரி 27

'ஆல்பத்தோடு வந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா' என்று ஒருவர். நியாயமான கேள்வி. சாமானை மொத்தமாக விற்றவர் விற்றவர்தான், சட்டம் பெரும்பாலும் வாங்கியவர் பக்கம் என்பார்கள். ஆனால் பக்கத்துத் தெரு. நானாக இருந்தால் ஒரு ஃபோன் போட்டுவிடுவேன். அந்தக் கேஷியர் அவர்கள் வீட்டு ஆளாகவே இருக்கலாம்.

ஜனவரி 29

போலி பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், ஏனென்றால் சென்ற வாரம் ஒரு கண்காட்சியில் ஒன்றைப் பார்த்தேன்.

பெரிய சைஸில் பேங்க் பெயர் தகட்டிலேயே பொறித்தது, மாற்றுவது கடினம். 1929 தொடரில் பேங்க் பெயர், ஊர், சார்ட்டர் எண், கையெழுத்து எல்லாம் அச்சான நோட்டின் மேல் கறுப்பில் தனியாகப் போட்டவை. சாதாரண நோட்டில் அந்தக் கறுப்பை அழித்து, அரிய ஊரைப் போட்டுவிடுவார்கள். நான் பார்த்தது ஒரு மேற்கு மாநிலத்துக் குட்டி ஊர். எழுத்துகளுக்கு அடியில் காகிதம் தேய்ந்து நார் எழுந்திருந்தது. அதை விட முக்கியம், சீரியல் எண். அந்த பேங்குக்கு அந்த மதிப்பில் எத்தனை தாள் போனது என்பது பதிவில் இருக்கிறது. கையில் இருந்த எண் அதைத் தாண்டியிருந்தது. இல்லாத தாளில் இருந்து வந்த நோட்டு. கடைக்காரரிடம் சொன்னேன். 'நான் வாங்கியபடி விற்கிறேன்' என்றார்.

பெரிய சைஸில் சந்தேகம் வந்தால் வேறு வழி. அரசு அச்சகத்தின் தகட்டுச் சான்றுப் படிகள் (தகட்டிலிருந்து சரிபார்க்க எடுத்த அச்சுகள்) வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நாணயத் தொகுப்பில் இருக்கின்றன. அந்தப் பெயரில், அந்தத் தேதியில் அப்படி ஒரு தகடு இருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிப்ரவரி 2

கிரேடிங்குக்கு அனுப்பலாமா? சில நூறு டாலர் நோட்டுக்குக் கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்த்துப் பாருங்கள். விற்பதானால் அனுப்புங்கள், பிளாஸ்டிக் உறையில் ஓர் எண் இருந்தால் வாங்குபவருக்குத் தைரியம். வைத்துக்கொள்வதானால் வேண்டாம். மைலார் உறை ஒன்று வாங்குங்கள், சில டாலர்தான். சாதாரணப் புகைப்பட ஆல்பத்தின் பிளாஸ்டிக் வேண்டாம், சில வகைகள் நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும். லேமினேட் செய்தால் இந்த இழையில் மறுபடி பேசாதீர்கள். ஊசித் துளையை ஒட்டவும் கூடாது.

பிப்ரவரி 6

ஃபோன் போட்டாராம். விற்றவருக்கு நோட்டில் ஆசை இல்லை, ஆல்பத்தில் இருந்த படங்களைத்தான் கேட்டாராம், தெரியாமல் போய்விட்டதாம். படங்களைக் கொடுத்துவிட்டு நோட்டை வைத்துக்கொண்டார். நல்ல வியாபாரம்.

விற்றால் வரி உண்டா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறார். உண்டு. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து லாபத்துக்கு விற்றால், சேகரிப்புப் பொருளுக்கான அமெரிக்க வருமான வரி அதிகபட்சம் 28 சதவீதம், பங்குகளுக்கு இருப்பதை விட அதிகம். ஆல்பத்துக்கு நீங்கள் கொடுத்த விலையின் ரசீதை எடுத்து வையுங்கள்.

1875 தொடரின் ஒரு டாலர் நோட்டு வைத்திருப்பவர் தனியாகக் கேளுங்கள். அதில் பேச நிறைய இருக்கிறது, இங்கே கலந்தால் யாருக்கும் புரியாது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டு படமும் வேண்டும், சார்ட்டர் எண் தெரியும்படி.